காதுப் படம்

வேகத்தடை வந்தது. பிரேக்கை மிதித்தாள்.

டீக்கடை மொத்தமும் திரும்பிப் பார்த்தது.

இந்தப் பார்வை தாங்காமல்தான் காரை விற்கிறாள். சாயங்காலம் ஆள் வருகிறார். அண்ணனே பேசி முடித்துவிட்டான்.

பழைய கார்தான். வாங்கி அதிக நாளும் ஆகவில்லை. ஆனால் அவள் சம்பளத்தில் வாங்கியது. கண்ணாடியில் காதுப் படம் போட்ட ஸ்டிக்கரை அவளே ஒட்டினாள். ஓட்டுகிறவருக்குக் காது கேட்காது என்று அர்த்தம்.

முதலில் சாலையைத் தவிர எதையும் பார்க்கவில்லை. அவ்வளவு பயம். கை பழகிய பிறகுதான் ஓரத்தில் நிற்கிற முகங்களைப் பார்த்தாள்.

எல்லா முகமும் அவள் பக்கமே திரும்பியிருந்தது.

அதுவும் அவள் வேகத்தைக் குறைக்கும்போதெல்லாம். ஸ்டிக்கரைப் படிக்க அப்போதுதான் நேரம் கிடைக்கிறதாக்கும் என்று நினைத்துக்கொண்டாள். சின்ன வயதிலிருந்து பழகிய பார்வைதான். ஆனாலும் தினமும் காலையில் அதை வாங்கிக்கொண்டு வேலைக்குப் போக முடியவில்லை.

காரை விற்றுவிடலாம் என்று அண்ணனிடம் சொன்னாள். இதற்காகவே காத்திருந்தவன் அவன். அவள் ஓட்டி ஒருநாளும் காரில் ஏறியதில்லை.

"காது கேக்காத புள்ளைக்குக் காரு எதுக்கு?" என்று முதல் நாளே கேட்டவன். அவளுக்கு உதடு படிக்கத் தெரியும் என்பது தெரிந்தும், நேருக்கு நேர் நின்றுதான் கேட்டான்.

ஆக, வேலை முடிந்து வீடு திரும்பும் இதுதான் கடைசி ஓட்டம்.

போகிற போக்கில் டீக்கடையை ஒரு முறை முறைத்துவிட்டாவது போகலாம் என்று கழுத்தைத் திருப்பினாள். அப்படி என்னதான் பார்க்கிறார்கள்?

அப்போதுதான் நாய் கண்ணில் பட்டது.

கடை வாசலில், சாக்கின்மேல் படுத்திருந்த செவலை நாய். அதுவும் தலையைத் தூக்கி அவளைப் பார்த்துக்கொண்டிருந்தது.

நாய் எதற்கு ஸ்டிக்கரைப் படிக்கிறது?

பின்னால் வண்டி ஏதும் இல்லை. கொஞ்சம் நகர்த்தினாள். மிதித்தாள்.

நாய் காதை மடக்கியது. டீ குடித்துக்கொண்டிருந்த பெரியவர் முகத்தைச் சுளித்தார்.

மறுபடி நகர்த்தினாள். மிதித்தாள்.

நாய் எழுந்தே நின்றுவிட்டது.

அட.

இவர்கள் யாரும் அவளைப் பார்க்கவில்லை. எதையோ கேட்கிறார்கள்.

வீட்டுக்குப் போகாமல் அடுத்த தெரு ஒர்க்‌ஷாப்பில் கொண்டுபோய் நிறுத்தி, பிரேக்கைக் காட்டிப் பார்க்கச் சொன்னாள்.

மெக்கானிக் சம்பத் முன்சக்கரத்தைக் கழற்றி, பிரேக் பேடை உருவி எடுத்தார். பக்கத்தில் ஒரு புதிய பேடை வைத்துக் காட்டினார். புதியது பிஸ்கட் கனம் இருந்தது. பழையது அப்பளம். அதன் ஓரத்தில் சின்னத் தகடு ஒன்று நீட்டிக்கொண்டிருந்தது. பேட் தேய்ந்ததும் இந்தத் தகடு சக்கரத்தோடு சுற்றும் டிஸ்கில் உரசி கிறீச்சென்று கத்தும், கத்துவதற்கென்றே வைத்திருக்கிறார்கள் என்று அவர் விளக்கினார். அவள் குனிந்து அவர் உதட்டைப் படித்துக்கொண்டாள். விளக்கிவிட்டு நிமிர்ந்தார்.

"ரொம்ப நாளா கத்தியிருக்குமேங்க. உங்களுக்குக் கேக்கலீங்களா?"

அவள் கண்ணாடியைக் காட்டினாள்.

சம்பத் காதுப் படத்தைப் பார்த்தார். நாக்கைக் கடித்துக்கொண்டார்.

அவளுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்தாள். அண்ணன் ஒரே ஒரு நாள் ஏறி உட்கார்ந்திருந்தால் அவனுக்கே கேட்டிருக்கும். இத்தனை கூத்துக்கும் வேலையே இருந்திருக்காது.

புதிய பேடுகளைப் போட்டுச் சக்கரத்தை மாட்டிய பிறகு, சம்பத் அவளைக் குனிந்து பார்க்கச் சொன்னார். சக்கரத்தின் இடைவெளியில் செல்போன் டார்ச்சை அடித்தார். உள்ளே பேட் தெரிந்தது. அவ்வப்போது இப்படி எட்டிப் பாருங்கள், கனம் குறைந்திருந்தால் வந்துவிடுங்கள், இதற்குக் கண் போதும் என்றார்.

அவள் தன் போனை எடுத்து, தானே ஒரு தரம் அடித்துப் பார்த்துக்கொண்டாள்.

அதே வேகத்தடை. மிதித்தாள்.

டீக்கடையில் ஒருவர் டீயை ஆற்றிக்கொண்டிருந்தார். ஒருவர் பேப்பரை மடித்து மறுபக்கம் படித்தார். யாரும் நிமிரவில்லை.

ஒருத்தராவது பார்த்திருக்கலாம் என்று இருந்தது அவளுக்கு.

காரை ஓரம்கட்டினாள். போனில் அண்ணன் அனுப்பிய செய்தி. "ஆளு வந்துட்டாரு. எங்க புள்ள இருக்கற?"

"அவரத் திருப்பி அனுப்பிருண்ணா. விக்கல."

அனுப்பிவிட்டுக் கொஞ்ச நேரம் யோசித்தாள். பிறகு இன்னொன்றும் அனுப்பினாள்.

"நீ கெளம்பி இரு. உன்ன ஒரு ரவுண்டு கூட்டிட்டுப் போறேன்."

சாக்கின்மேல் நாய் நல்ல தூக்கத்தில் இருந்தது.