பாறை ஓரத்துப் பாஸ் மீன்

"பாறையை ஒட்டிப் போடாம நடு ஏரியில போட்டா எப்படி மாட்டும்?" என்றாள் வெர்னா.

"முப்பது வருஷமா இந்த ஏரியில தூண்டில் போடறேன். எனக்கே பாடமா?" என்று முறைத்தார் லெஸ்டர்.

அவள் படகில் இருந்தபடியே பாறை ஓரமாக வீசினாள். சற்று நேரத்தில் கம்பு வளைந்தது. கொழுத்த பாஸ் மீன் ஒன்று துள்ளிக்கொண்டு வந்தது.

"விட்டுடணும். வசந்தத்துல முட்டைக்குக் காவல் இருக்கிற ஆண் மீன் அது" என்றார் லெஸ்டர்.

"ஆம்பளையா காவல் இருக்கு? மீன்லயாவது இருக்கே!"

மீனை அவள் மெல்ல நீரில் விட்டாள். லெஸ்டர் வாய்விட்டுச் சிரித்தார்.

கரைக்கு வந்ததும் வெர்னா படகைத் தட்டிப் பார்த்தாள். "எங்கயும் ஒழுகல, மோட்டாரும் மக்கர் பண்ணல. விளம்பரத்துல போட்ட விலையே தரேன். இன்னிக்கே எடுத்துக்கட்டுமா?"

மனைவி இறந்தபிறகு அந்தப் படகில் இன்னொரு குரல் கேட்டது இன்றைக்குத்தான். லெஸ்டர் தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்தார்.

"விக்கிறதா இல்லீங்க."

"அப்புறம் எதுக்கு விளம்பரம் கொடுத்து என்னை வரவழைச்சீங்க?"

"காலையில விக்கிற எண்ணம்தாங்க இருந்துச்சு."

வெர்னா அவரை ஏற இறங்கப் பார்த்தாள்.

"சரி, அடுத்த சனிக்கிழமை தூண்டில் போட எத்தனை மணிக்கு வரட்டும்?" என்றாள்.