பத்தாயிரத்து ஏழு

முகாமில் தினமும் காலையில் எல்லோரும் சமமான வரிசைகளில் நிற்க வேண்டும். மிஞ்சுகிறவர்களை லாரி ஏற்றிக்கொண்டு போகும். போனவர்கள் திரும்பியதில்லை. அன்று அதிகாரி, தலை எண்ணும் கணக்கு வாத்தியார் அறவாழியிடம் வந்தார்.

"வரிசைக்கு எத்தனை பேர்னு இன்னைக்கு நீயே சொல்லு வாத்தியாரே. ஒத்தை வரிசை செல்லாது. ஒருத்தரும் மிஞ்சலேன்னா லாரி காலியாப் போகும்."

அவரையும் சேர்த்து மொத்தம் பத்தாயிரத்து ஏழு பேர். வாத்தியார் மனதுக்குள் ஏழால் வகுத்தார், பதின்மூன்றால் வகுத்தார், தொண்ணூற்றேழு வரை போய்ப் பார்த்தார். ஒவ்வொரு முறையும் மீதி வந்தது. பகா எண். இன்னும் ஓர் உயிர் இருந்தால் எட்டெட்டாக நிறுத்திவிடலாம்.

அந்த உயிர் இருந்தது. அவருக்கு முன்னால் நின்ற பூங்கோதையின் போர்வைக்குள், முந்தாநாள் பிறந்தது. முகாமில் பிறக்கும் குழந்தைகளைத் தாயிடம் விட்டுவைப்பதில்லை.

"ரெண்டு ரெண்டு பேரா நிக்கட்டும், ஐயா."

எண்ணுகிறவர் எப்போதும் கடைசியில்தான் நிற்பார். வரிசைகள் முடிந்தபோது அவர் மட்டும் தனியாக நின்றார். அதிகாரி அவரை நோக்கி நடந்து வந்தார். போர்வைக்குள் குழந்தை சிணுங்கத் தொடங்கியது.

வாத்தியார் இருமினார். சிணுங்கல் அழுகையானது. இன்னும் பலமாக இருமினார். பக்கத்து வரிசை இருமியது, அதற்கடுத்த வரிசையும். பத்தாயிரத்து ஏழு பேரும் இருமினார்கள்.