எந்தப் பேரில்

அமெரிக்காவின் டோலிடோ நகரில், முதியவர் ஓடெல் ப்ரூயிட்டின் சமையலறை மேசைமேல் ஒலிப்பதிவுக் கருவியின் சிவப்பு விளக்கு எரிந்துகொண்டிருக்கிறது. எதிரே வரலாற்றுப் பேராசிரியை மார்வா. அறுபதுகளில் இந்த ஊரில் வாடகைக் குடித்தனக்காரர்கள் நடத்திய போராட்டத்தைப் பற்றி ஏழு வருடமாக எழுதுகிறாள். ஊர்வலம் போகும் வழியை முன்கூட்டியே போலீசுக்குச் சொன்னவன் யார் என்ற இடத்தில் புத்தகம் அப்படியே நிற்கிறது. போலீஸ் கோப்பில் அவனுக்கு ‘மீன்கொத்தி’ என்ற ரகசியப் பெயர் மட்டும்தான். சற்று முன் ஓடெலிடமும் கேட்டுப் பார்த்தாள். “எவனோ ஒரு பாவி. எனக்கென்னம்மா தெரியும்” என்று சிரித்த கிழவர், அதற்குப் பிறகு ஐஸ் போட்ட தேநீரைத் தொடவில்லை. ஐஸ் கரைந்து கோப்பையின் வெளிப்புறம் வியர்த்து வழிகிறது. சுவரிலுள்ள, அந்த ஊர்வலத்தின் புகைப்படத்தில், முன்வரிசையில் பதாகை பிடித்திருப்பவர் அவர்தான். பதாகையின் மறுமுனையைப் பிடித்திருக்கும் பெண்ணுக்கு அன்று மாலை தடியடியில் ஒரு கண் போனது.

மார்வா படிவத்தை அவர் பக்கம் நகர்த்துகிறாள். “நீங்க சொன்னத நான் புத்தகத்துல போட்டுக்கலாம்னு சம்மதம், சார். கீழ ஒரு கையெழுத்து.”

பேனா காகிதத்தைத் தொடாமல் நிற்கிறது. குளிர்பெட்டி உறுமி ஓய்கிறது. அவர் புகைப்படத்தைப் பார்க்கிறார், பிறகு விளக்கை.

“அது ஓடிக்கிட்டுத்தான இருக்கு?”

“நிறுத்திடவா, சார்?”

“வேணாம், ஓடட்டும். எந்தப் பேர்ல போடணும்?”

“உங்க பேர்லதான்” என்று சொல்லிவிட்ட மார்வாவுக்கு, அந்தக் கேள்வி அப்போதுதான் உறைக்கிறது.

கிழவர் குனிந்து எழுதுகிறார். கோட்டின்மேல் விழும் முதல் எழுத்து, ‘மீ’.