விரட்ட ஆளில்லாத பூசணி

மில் மூடிய தெருவில் சிந்தாமணி இட்லிக் கடை போட்டாள். யார் கண்ணும் பட்டுவிடக் கூடாதென்று, ஒரு பூசணிக்காயில் மீசையும் பல்லும் வரைந்து வாசலில் கட்டித் தொங்கவிட்டாள். பொறாமைக்காரர்களை மிரட்டப் பூசணி பல்லைக் காட்டிக்கொண்டே காத்திருந்தது. வேலை போன ஜனங்கள் குனிந்த தலை நிமிராமல் கடந்து போனார்கள்.

"இன்னைக்கும் மாவு புளிச்சுப்போச்சு," என்றது இட்லிப் பானை. "நீ எத்தனை பேரை விரட்டினே?"

"விரட்டுறதுக்கு யாராவது திரும்பிப் பார்க்கணுமே!"

மறுநாளும் சிந்தாமணி விடியுமுன் எழுந்து பானையை அடுப்பில் ஏற்றினாள். ஆவி அடித்துப் பூசணியின் மீசை கரைந்து வழிந்தது. அது பல்லை மறைத்து வேண்டிக்கொண்டது:

"சாமி, இவளைப் பார்த்து ஒருத்தர் வயிறாவது எரியட்டும்."