மூன்று பக்கச் சாட்சியம்

வாவியில் ஒருவனைத் துடுப்பால் அடித்துக் கொன்றதாக அத்தான்மீது வழக்கு. அக்காவின் கண்ணீருக்காகத் தோணிக்காரன் பத்தக்குட்டி மட்டக்களப்பு நீதிமன்றத்தில் சாட்சிக்கூண்டு ஏறினான். உண்மையே சொல்வேன் என்று சத்தியம் செய்தான்.

"நான் ஒண்டும் காணல்ல ஐயா," என்றான்.

மொழிபெயர்க்கும் முதலியார் அதை வெள்ளைக்கார நீதவானுக்கு இங்கிலீசில் சொன்னார், சொல்லிக்கொண்டே இருந்தார். நீதவான் மூன்று பக்கம் எழுதினார்.

பத்தக்குட்டி பதறினான். "நான் இவ்வளவும் சொல்லல்லயே!"

"நீ சொன்னதத்தான் சொன்னன்," என்றார் முதலியார்.

நீதவான் ஏதோ கேட்டார். முதலியார் பத்தக்குட்டியிடம் திரும்பினார்.

"இரத்தம் பட்ட துடுப்ப எங்க புதைச்சாய் எண்டு துரை கேக்கார்."

புதைத்ததை அவன் அத்தானிடம்கூடச் சொன்னதில்லை. எதிர்க்கூண்டில் நின்ற அத்தான் மெல்லத் தலையைத் திருப்பி அவனைப் பார்த்தார்.