தானாக அடங்கியிருக்கும்

அணுக்கரு இணைவு உலைக்குள் கோடிக்கணக்கான டிகிரி சூட்டில் வளையமாகச் சுழலும் பிளாஸ்மா நிலையாக இருக்கும்வரை திரையில் கோடு நேராக ஓடும். நடுங்கத் தொடங்கினால் இஞ்ஞாசி சார் சிவப்புப் பொத்தானை அழுத்தி, வாயுவைப் பாய்ச்சி அணைத்துவிடுவார். இன்றும் அணைத்தார். "தானா அடங்கியிருக்கும் சார். ஒரு தடவையாவது விட்டுப் பாத்தாத்தானே தெரியும்?" என்று வெடித்தாள் அவரிடம் பயிற்சி பெறும் மதுரவல்லி. "அடங்கலைன்னா சுவர் உருகிடும்மா." "இதுவரைக்கும் உருகியிருக்கா?" "அதான் அணைச்சிடறோமே!" அவள் ஹெட்போனைக் கழற்றி மேசையில் எறிந்தாள். சார் எழுந்து தன் நாற்காலியைக் காட்டினார். "உக்காரு. இனி உன் இஷ்டம்." அடுத்த பிளாஸ்மா எரிந்தது. கோடு நேராக ஓடியது, பிறகு லேசாக நடுங்கியது. சார் கைகளைக் கட்டிக்கொண்டு தள்ளி நின்றார். வாயு சீறியது. கோடு செத்து விழுந்தது. சிவப்புப் பொத்தானில் அழுந்தியிருந்த தன் விரலை மதுரவல்லி வெறித்துப் பார்த்தாள்.