துரையின் கால்

"காலை நீட்டி எவ்வளவு நேரமாச்சு? வர்றியா, இல்லியா?"

கீழ் வீட்டிலிருந்து தினமும் காலையில் இந்த அதட்டல்தான். மாடி வீட்டு டீச்சருக்கு அதைக் கேட்டாலே பற்றிக்கொண்டு வரும். அந்த மனுஷருக்கு டீச்சர் வைத்திருந்த பெயர் 'துரை'.

படி இறங்கினால் ஜன்னல் வழியே எல்லாம் தெரியும். டீச்சர் எட்டிப் பார்க்கிற ரகம் இல்லை. கொஞ்சம் மெதுவாக இறங்குவார், அவ்வளவுதான்.

துரை நாற்காலியில் சாய்ந்திருப்பார். மனைவி தரையில் உட்கார்ந்து, டார்ச் அடித்து, ஒவ்வொரு விரலாகப் பார்க்க வேண்டும். பிறகு களிம்பு, அதன்மேல் சாக்ஸ். நடுவில் துரை, இப்படித் திருப்பு, சுண்டு விரலை விட்டுட்டே, கண் எங்கே இருக்கு என்று ஏகப்பட்ட அதிகாரம். அந்தம்மாவும் சளைத்தவர் இல்லை. பெரிய காலு, சிலை வடிக்க ஆள் வந்து நிக்குது என்று பொரிந்து தள்ளுவார். ஆனாலும் தரையில் உட்காருவது அவர்தானே!

துரைக்குச் சிறுநீரகம் பழுது, வாரத்துக்கு மூன்று நாள் டயாலிசிஸ். பாவம்தான். அதுக்காகப் பெண்டாட்டியைக் காலடியில் உட்கார வைக்கணுமா?

ஒருநாள் அந்தம்மா மருந்துக்கடைக்குப் போன சமயம் பார்த்து டீச்சர் உள்ளே நுழைந்துவிட்டார். உங்களுக்கே நல்லாயிருக்கா, கைக்கு எட்டுற காலை நீங்களே பார்த்துக்கக் கூடாதா என்று வகுப்பறைக் குரலில் ஒரு பிடி பிடித்தார்.

துரை சிரித்தார். "நானும் பார்க்கிறேன் டீச்சர். டயாலிசிஸ் நர்சும் பார்க்கிறாங்க."

"அப்புறம் உங்க வீட்டம்மா எதுக்கு?"

துரை சாக்ஸைக் கழற்றினார். விரல் நுனியெல்லாம் நீலம் பாரித்திருந்தது. டீச்சருக்குத் தூக்கிவாரிப் போட்டது.

இதயத்துக்குக் குழாய் விட்டுப் பார்த்தபோது வந்த வினை என்றார். ரத்தக்குழாய்ச் சுவரில் படிந்திருந்த கொழுப்பு உடைந்து, பொடிப்பொடிப் படிகமாகப் போய்ச் சிறுநீரகத்திலும் கால் விரலிலும் அடைத்துக்கொண்டதாம். கரைக்க மருந்து கிடையாதாம். ரத்தம் உறையாமலிருக்கக் கொடுத்த மருந்தையும் டாக்டர் நிறுத்திவிட்டார். கொழுப்பு மாத்திரை, டயாலிசிஸ், காலில் ஒரு கீறல்கூடப் படாமல் காப்பது, இவ்வளவுதான் வைத்தியம். விரல் தப்பினால் புண்ணியம்.

"எனக்கு அந்தப் பரிசோதனையே வேண்டாம்னேன். அவதான் அழுது அடம்பிடிச்சுக் கூட்டிட்டுப் போனா. அன்னிக்குப் போகலேன்னா உயிரே போயிருக்கும்னு டாக்டர் சொல்லிட்டார். இவ கேட்டாத்தானே? தன்னாலதான் எனக்கு இந்தக் கதின்னு ஒரே அழுகை, சாப்பாடு கிடையாது. இப்ப தினமும் அவளே விரலைப் பார்த்து, 'நேத்தைக்கு இன்னைக்குத் தேவலை'ன்னு சொன்னப்புறம்தான் நாலு வாய் சாப்பிடுறா."

டீச்சரின் குரல் இறங்கிவிட்டது. "அதுக்கு அன்பாக் கூப்பிடலாமே?"

"கூப்பிட்டுப் பார்த்தேன் டீச்சர். காலைத் தொட்டதும் அழுதுட்டா. அதட்டினாத்தான் கோவம் வருது. கோவத்துல இருக்கறப்ப அவளுக்கு அழ மறந்துடுது."